மணி காலுக்குள்ள பிளாஸ்டிக் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல "நாய்க்கு 3டி பிரிண்டரில் அச்சடித்த எலும்பு பொருத்தி சாதனை"ன்னு ஒரு செய்தி போட்டிருந்தீங்க. அந்த எலும்பை அச்சடிச்சது நான்தான். கணபதியில பதினெட்டு வருஷமா பேட்டர்ன் கடை வெச்சிருக்கேன் (உருக்கின இரும்பை ஊத்தறதுக்கு மண்ணுல அச்சு எடுப்பாங்கல்ல, அதுக்கு வெக்கற மாதிரிதான் பேட்டர்ன்), ஃபவுண்டரிக்கு பம்ப் கேசிங், பம்ப்புக்குள்ள சுத்தற இம்பெல்லர் இதுக்கெல்லாம் முதல்ல மரத்துல பேட்டர்ன் செஞ்சுட்டிருந்தோம், இப்ப பாதி வேலை 3டி பிரிண்டர்லதான். செய்தியில என்னைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, சந்தோஷம், ஆனா "பொருத்தி"ங்கற வார்த்தை மட்டும் தப்புங்க. அந்த பிளாஸ்டிக் எலும்பு நாய்க்குள்ள போகவே இல்லை. ஆபரேஷன் முடியற வரைக்கும் நாய்க்கு வெளிய, பக்கத்துலதான் இருந்துச்சு, இப்ப என் கடை ஷெல்ஃபுல இருக்கு, வேணும்னா வந்து பாருங்க.

சின்ன வார்த்தைதானேன்னு விட்டிருப்பேன். ஆனா செய்தி வந்த நாள்ல இருந்து போன் நிக்க மாட்டேங்குது. பொள்ளாச்சியில இருந்து ஒருத்தர், அவங்கம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சாம், ஒரு முட்டி அடிச்சு குடுங்க என்ன ரேட்டுன்னு கேக்கறாரு. இன்னொருத்தர் ஆட்டுக்கு கேக்கறாரு. ஒருத்தர் போன் பண்ணி, நாய் உடம்புக்குள்ள பிளாஸ்டிக்க வெச்சு கொல்லப் பாக்கறீங்களான்னு திட்டினாரு, அவரு திட்டினதுல தப்பே இல்லைங்க, செய்தியை அப்படியே நம்பினா நானும் திட்டியிருப்பேன். அதுக்கு அடுத்த நாள் உங்க கடிதப் பகுதியிலயே ஒரு வாசகர், மனுஷனுக்கே வைத்தியம் பாக்க வழியில்லாத நாட்டுல நாய்க்கு எதுக்கு கம்ப்யூட்டர் எலும்புன்னு எழுதியிருந்தாரு. அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், எங்க வேணா வெட்டிக்கோங்க, ஸ்கேன் பத்தி சொல்ற இடத்தை மட்டும் வெட்டாதீங்க.

செய்தியில வந்த நாய் பேரு மணி, சிப்பிப்பாறை நாய். அன்னூர் பக்கம் ஒரு அம்மாவோட தோட்டத்துல வளருது. குட்டியா இருக்கும்போது, மூணு மூணரை மாசம் இருக்கும், டிராக்டர் டிரெய்லர் அடியில வலது முன்னங்கால் மாட்டிக்கிச்சு. எலும்பு உடையலை, ரெண்டு வாரம் நொண்டிட்டு சரியாயிடுச்சு, அவங்களும் மறந்துட்டாங்க. ஆனா நாய் வளர வளர அந்த கால் மட்டும் வில்லு மாதிரி வளைஞ்சுது, பாதம் வெளிப்பக்கமா திரும்பிக்கிச்சு, பத்து மாசத்துல பாத்தா முன்னங்கால் ஒண்ணு கிழக்க பாக்குது இன்னொண்ணு தெக்க பாக்குது. ஓடறதுக்குன்னே பொறந்த நாய், வரப்பு தாண்ட முடியாம நின்னுடுச்சு.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு, மணிக்கு ஆபரேஷன் பண்ண கால்நடை டாக்டரம்மா எனக்கு சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன். நாயோட முன்னங்கால்ல முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல ரேடியஸ், அல்னான்னு ரெண்டு எலும்பு பக்கத்துல பக்கத்துல ஓடுது. ரெண்டும் ஒரே வேகத்துல நீளணும். அல்னா நீளறதுல ஏறக்குறைய 85 சதவீதம் மணிக்கட்டு பக்கத்துல இருக்கற ஒரே ஒரு வளர்ச்சித் தட்டுல (குட்டியில எலும்பு நீளற இடம்) இருந்துதான் வருதாம், அந்த தட்டு நாய்க்கு கூம்பு மாதிரி இருக்கும், அதனால பக்கத்துல இருந்து அடி விழுந்தாக்கூட அது நசுங்கி அடைச்சுக்கும். எக்ஸ்ரேவுல அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறம் அல்னா நின்னுடும், ரேடியஸ் மட்டும் வளந்துட்டே இருக்கும், எங்க போறதுன்னு தெரியாம வளைஞ்சுக்கும். ஒரே சட்டத்துல ரெண்டு பட்டியை அடிச்சு ஒண்ணு மட்டும் மழைத்தண்ணி குடிச்சு ஊதினா சட்டம் எப்படி வளையும், அந்த கதைதான்.

இதை சரி பண்ணணும்னா வளைஞ்ச எலும்பை அறுத்து, நேர் பண்ணி, ஸ்டீல் பிளேட் வெச்சு ஸ்க்ரூ போடணும். மணி காலுக்குள்ள இப்ப இருக்கறது அந்த பிளேட்டும் ஸ்க்ரூவும்தான். கேள்வி என்னன்னா எங்க அறுக்கறது, எந்த கோணத்துல அறுக்கறது. இங்கதான் என் மண்டைக்கு வேலை வந்துச்சு, ஏன்னா இது எங்க தொழில் கேள்விங்க. எந்த டிராயிங் எடுத்தாலும் முன்பக்கம், பக்கவாட்டு, மேல் பக்கம்னு மூணு வியூ இருக்கும். எக்ஸ்ரே எடுத்தா முன்னும் பக்கவாட்டும்தான் கிடைக்கும், காலோட நுனியில இருந்து நேரா மேல பாக்கற வியூ கிடைக்காது. வளைவு ரெண்டு எக்ஸ்ரேவுல தெரிஞ்சுடும், ஆனா முறுக்கு இருக்கே, துணி பிழியற மாதிரி எலும்பு முறுக்கிக்கிட்டது, அது அந்த மூணாவது வியூவுலதான் சரியா தெரியும். மணிக்கு மூணுமே இருந்துச்சு, வெளிப்பக்கமா சாய்ஞ்சிருந்துச்சு, முன்பக்கமா வளைஞ்சிருந்துச்சு, முறுக்கியும் இருந்துச்சு. அதனால டாக்டரம்மா சி.டி. ஸ்கேன் எடுத்து எலும்பையே கையில வெச்சு பாக்கணும்னு சொல்லி பென் டிரைவோட என் கடைக்கு வந்தாங்க. "அண்ணா, இதை அப்படியே ஒண்ணுக்கு ஒண்ணு அடிச்சு தர முடியுமா"ன்னு கேட்டாங்க. நான் பழக்கதோஷத்துல, அலவன்ஸ் எவ்வளவு வைக்கணும் மேடம்னு கேட்டேன், வார்ப்பு ஆறும்போது சுருங்கும்ல, அதுக்கு பேட்டர்னை கொஞ்சம் பெருசா செய்வோம். அவங்க சிரிச்சுட்டு, எலும்பு சுருங்காதுண்ணா, அரை மில்லிமீட்டர்கூட ஏத்தாதீங்கன்னாங்க.

இப்ப அந்த ஸ்கேன் கதை. முதல் பென் டிரைவுல இருந்தது வெறும் போட்டோ. நாய்க்கு சி.டி. எடுக்க பக்கத்துல வழியில்லாம, மனுஷங்களுக்கு எடுக்கற ஒரு ஸ்கேன் சென்டர்ல கெஞ்சிக் கேட்டு ராத்திரி கடைசி பேஷன்ட் போனதுக்கப்புறம் எடுத்திருக்காங்க (பேர் சொல்ல மாட்டேன், உதவி பண்ணவங்களை குத்தம் சொன்னா அடுத்த நாய்க்கு கதவு திறக்க மாட்டாங்க). அவங்க ஃபிலிமும் கொஞ்சம் படமும் மட்டும் குடுத்திருக்காங்க. எனக்கு வேண்டியது டைகாம்னு சொல்ற ஒரிஜினல் டேட்டா. சி.டி. ஸ்கேன் ரொட்டி வெட்டற மாதிரி துண்டு துண்டாத்தான் படம் தரும், சரின்னு அதை கேட்டு வாங்கினா ஒவ்வொரு துண்டும் 5 மில்லிமீட்டர் கனம். ரிப்போர்ட் படிக்க அது போதும். எலும்பு அடிக்க ஆகாதுங்க, பாதாம் பருப்பு அளவு எலும்பெல்லாம் இருக்கற மணிக்கட்டை 5 மில்லி துண்டா எடுத்தா வர்றது எலும்பு இல்லை, படிக்கட்டு. ஒரு மில்லி இல்லைன்னா அதுக்கும் கீழ வேணும். மெஷின் மெல்லிசாத்தான் எடுத்திருக்கும், ஆனா சேத்து வெக்கும்போது கனமா சேத்து வெச்சுட்டு மூல டேட்டாவை சில நாள்ல அழிச்சுடறாங்க. நாங்க போய் கேக்கறதுக்குள்ள அழிஞ்சுடுச்சு. அதனால மணிக்கு மறுபடியும் மயக்க ஊசி, மறுபடியும் அன்னூர்ல இருந்து வண்டி, மறுபடியும் ஸ்கேன் காசு. மொத்த செலவுல பெருசு இந்த ஸ்கேன்தான், அதை ரெண்டு தடவை குடுத்தாங்க. தோட்டத்தம்மா ஒரு வார்த்தை பேசலை, ஆனா எனக்கு மனசு கேக்கலை. இதை வெட்டாதீங்கன்னு சொன்னது இதுக்குத்தான். நாய், பூனைக்கு யாராவது ஆபரேஷன் பிளான் பண்ண ஸ்கேன் எடுக்கறதா இருந்தா, படுக்க வெக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: டைகாம் வேணும், துண்டு கனம் ஒரு மில்லிக்கு மேல போகக்கூடாது, நல்லா இருக்கற காலையும் சேர்த்து எடுங்க. நல்ல கால் எதுக்குன்னு கேப்பாங்க, அதுதானுங்க மாஸ்டர் பீஸ். இடது காலை கம்ப்யூட்டர்ல கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பினா வலது கால் எப்படி இருந்திருக்கணும்னு தெரிஞ்சுடும்.

ஸ்கேன் டேட்டாவுல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பர் இருக்கு. தண்ணிக்கு 0, காத்துக்கு மைனஸ் 1000, கெட்டி எலும்புன்னா பல நூறு, அதுக்கு மேலயும் போகும். 3டி ஸ்லைசர்னு இலவசமா ஒரு சாப்ட்வேர் இருக்கு, அதுல இந்த நம்பருக்கு மேல இருக்கறதெல்லாம் எலும்புன்னு ஒரு கோடு போடணும். கோட்டை கீழ இறக்கிட்டா சதையும் சேந்துக்கும், மேல ஏத்திட்டா மெல்லிசான எலும்புல ஓட்டை விழுந்துடும். நான் முதல் தடவை போட்டதுல நாய் மணிக்கட்டுல இருக்கற 7 சின்ன எலும்பும் ஒண்ணா ஒட்டி கட்டிப்போன உப்புமா மாதிரி வந்துச்சு. கம்ப்யூட்டர் போட்ட கோடு சரியா தப்பான்னு எனக்கு தெரியாதுங்க, எனக்கு இம்பெல்லர் தெரியும், எலும்பு தெரியாது. டாக்டரம்மா ரெண்டு ராத்திரி கடையில உக்காந்து ஒவ்வொரு துண்டா பாத்து, இது எலும்பு, இது இல்லைன்னு கையாலயே பிரிச்சு விட்டாங்க. பிரிண்டர் ஒன்பது மணி நேரம் ஓடினதை எல்லாரும் போட்டோ எடுத்தாங்க, இந்த ரெண்டு ராத்திரியை யாரும் எடுக்கலை.

அடுத்த சொதப்பல் எங்க கடையோடது, மறைக்க மாட்டேன். பிரிண்டருக்கு குடுக்கற எஸ்.டி.எல். ஃபைல்ல அளவு மில்லியா இஞ்சான்னே எழுதியிருக்காது, வெறும் நம்பர்தான். எங்க பையன் ஃபைலை திறந்தவன் என்ன அண்ணா சின்னதா இருக்குன்னு பிரிண்டர் தட்டுக்கு தகுந்த மாதிரி கொஞ்சம் பெருசாக்கி விட்டுட்டான். பாக்க அழகா இருந்துச்சு. டாக்டரம்மா பிளேட்டை வெச்சு பாத்தா எட்டலை. அதுல இருந்து வெர்னியர்ல அளந்து ஸ்கேன் அளவோட ஒத்துப் பாக்காம எந்த எலும்பும் கடையை விட்டு போறதில்லை, இடது வலதுன்னு எழுத்தையும் எலும்பு மேலயே புடைப்பா அடிச்சுடறோம், ஏன்னா திருப்பின கால், திருப்பாத கால் ரெண்டும் ஒரே டேபிள்ல கிடந்தா எப்பேர்ப்பட்டவங்களுக்கும் குழம்பும்.

இனி அந்த வாசகர் கேட்ட கேள்வி, எதுக்கு இதெல்லாம்னு. டாக்டரம்மா என் கடையிலயே பிளாஸ்டிக் காலை வைஸ்ல புடிச்சு அறுத்தாங்க. முதல் காலை வளைவு அதிகமா தெரியற இடத்துல அறுத்து நேர் பண்ணினாங்க, கால் நேராச்சு, பாதம் மட்டும் வெளியவே பாத்துட்டு நின்னுச்சு, முறுக்கை கணக்குல எடுக்கலை. ரெண்டாவது காலை இன்னும் கீழ அறுத்தாங்க, பாதம் திரும்பிடுச்சு, ஆனா வெட்டு மணிக்கட்டுக்கு ரொம்ப பக்கத்துல போயிடுச்சு, கீழ் துண்டுல ஒரே ஒரு ஸ்க்ரூதான் புடிக்குது, அடுத்த ஸ்க்ரூ மூட்டுக்குள்ள போகுது. மூணாவது கால்லதான் வெட்டை கொஞ்சம் மேல ஏத்தி, நுனியில டி எழுத்து மாதிரி அகலமா இருக்கற பிளேட்டை போட்டு, கீழ மூணு ஸ்க்ரூ புடிக்க வெச்சாங்க. அப்புறம் அந்த எலும்பு மேலயே பிளேட்டை அழுத்தி வளைச்சு வடிவம் குடுத்தாங்க. அந்த முதல் ரெண்டு தப்பும் ஆபரேஷன் டேபிள்ல மணி மேல நடந்திருந்தா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. எலும்பை ஒரு தடவை அறுத்தா அறுத்ததுதானுங்க. ஒரு காலுக்கு எனக்கு ஆன பிளாஸ்டிக் அறுபது கிராம்கூட இல்லை, கிலோ ஆயிரம் ரூபா சுத்துல விக்குது, கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

பிளேட் முன்னாடியே வளைச்சு ரெடியா இருந்ததால மயக்கத்துல நாய் கிடந்த நேரம் குறைஞ்சுதுன்னு சொன்னாங்க. பிளாஸ்டிக்கை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டுபோறதுக்கும் ஒரு வழி இருக்கு. நான் அடிச்ச பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டுலயே இளக ஆரம்பிச்சுடும், ஆவியில கிருமி நீக்கற ஆட்டோகிளேவ் மெஷின் 121 டிகிரி, உள்ள போட்டா வாழைப்பழம் மாதிரி தொவண்டு வரும். அதனால ஸ்டீல் பிளேட்டை மட்டும் ஆட்டோகிளேவ்ல போட்டுட்டு, பிளாஸ்டிக் எலும்பு மாடலை, சுத்தம் பண்ணின, கண்ணாடி மாதிரி உள்ள தெரியற கவருக்குள்ள வெச்சு, டாக்டர் தடவிப் பாத்துக்கற மாதிரி டேபிள் பக்கத்துல வெச்சிருந்தாங்க. எலும்பு மேல உக்கார வெச்சு அறுக்கறதுக்கு கட்டிங் கைடுன்னு ஒண்ணு அடிச்சு தர முடியுமான்னும் கேட்டாங்க. நான் முடியாதுன்னுட்டேன். அது ரத்தத்துலயும் சதையிலயும் படற சாமான், அதுக்குன்னு தனி ரெசின் இருக்கு, அதை முறையா பண்ணத் தெரிஞ்சவங்க பண்ணட்டும். பம்ப்புக்கு அடிக்கற மெஷின்ல அதை நான் அடிக்க மாட்டேன்.

உள்ள வெச்சதே இல்லையான்னா, இருக்கு. கனடாவுல 2018ல பேட்ச்சஸ்னு ஒரு டாஷ்ஹண்ட் நாய்க்கு மண்டை ஓட்டுல கேன்சர் கட்டி, ஓட்டோட மேல்பாகத்துல 70 சதவீதத்தை எடுத்துட்டு அதுக்கு அளவா டைட்டானியத்துல 3டி பிரிண்ட் பண்ண தகடை வெச்சாங்க, குவெல்ஃப் யுனிவர்சிட்டி டாக்டர் மிஷெல் ஓப்லாக் அதுல முக்கியமானவங்க. அது டைட்டானியம், என் கடை பிளாஸ்டிக் இல்லை. தகடை முன்னாடியே அடிச்சு வெச்சுட்டதால வெட்டும் அந்த அளவுக்கே வரணும், அதனால அங்கயும் எங்க வெட்டறதுங்கறதை கம்ப்யூட்டர்ல முன்கூட்டியே தீர்மானிச்சுட்டுத்தான் கத்தியை எடுத்தாங்க. அதே 2018ல சிங்கப்பூர் ஜூரோங் பறவைப் பூங்காவுல ஜாரின்னு ஒரு 22 வயசு இருவாச்சிக்கு, நம்ம வால்பாறையில பறக்குதே அதே பெரிய இருவாச்சிதான், அலகு மேல இருக்கற கொண்டையில கேன்சர். கொண்டையை வெட்டிட்டு 3டி பிரிண்ட் கொண்டையை ஸ்க்ரூ போட்டு வெச்சாங்க. வெட்டற கோணம் தப்பாம இருக்க ஒரு கைடும் அடிச்சிருந்தாங்க. அந்த பறவை தன்னோட எண்ணெய்ச் சுரப்பியில வர்ற மஞ்சளை புது கொண்டை மேலயும் பூசிக்கிச்சாம், இருவாச்சி தன் கொண்டைக்கு எப்பவும் பண்ற மாதிரி. அதை படிச்சப்ப எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க.

மனுஷனுக்கு இல்லாததை நாய்க்கு எதுக்குன்னு கேட்டவருக்கு இன்னொண்ணு. மனுஷ உடம்பு ஏறக்குறைய ஒரே அச்சு, சைஸ் வாரியா சாமான் கிடைக்கும். நாய்ல ரெண்டு கிலோ சிவாவாவும் இருக்கு, எழுபது கிலோ செயின்ட் பெர்னார்டும் இருக்கு, குட்டைக் காலு, நெட்டைக் காலு, சப்பை மூஞ்சி, நீட்டு மூஞ்சி, எல்லாத்தையும் ஒரே டாக்டர் பாக்கணும். சிப்பிப்பாறை கால் எலும்பு எப்படி இருக்கும்னு எந்த வெளிநாட்டு புஸ்தகத்துலயும் படம் இருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதனால மாடல் வெச்சு பாக்கற அவசியம் இவங்களுக்குத்தான் ஜாஸ்தி.

அதுக்காக எல்லா நாய்க்கும் பண்ணணும்னு நான் சொல்ல வரலை. சாதாரணமா உடைஞ்ச எலும்புக்கு எக்ஸ்ரே போதும், அதுக்கும் மாடல் அடிக்கணும்னு யாராவது பில்லு போட்டா ஏன்னு கேளுங்க. மாடல்ல சதை இல்லை, நரம்பு இல்லை, ரத்தக்குழாய் இல்லை, பிளாஸ்டிக்ல ஈஸியா திரும்பின எலும்பு நாய்க்குள்ள தசை இழுத்துப் புடிச்சு திரும்ப மாட்டேன்னு அடம் புடிக்கும், அன்னிக்கும் அரை மணி நேரம் புடிச்சுதுன்னுதான் சொன்னாங்க. ட்ரில்லு போட்டா பி.எல்.ஏ. உருகி பிட்டுல சுத்திக்கும், எலும்பு அப்படி பண்ணாது, அதனால கை பழகறதுக்கும் இது முழுசா ஆகாது. காங்கேயம் காளைக்கு முடியுமான்னு ஒருத்தர் கேட்டாரு, சாதாரண சி.டி. டேபிள் இருநூறு கிலோ சுத்துலதான் தாங்கும், காளையை எங்க ஏத்தறது. கன்னுக்குட்டி, ஆடுன்னா முடியும்.

நான் கேக்கறது பணம் இல்லைங்க. உடுமலைப்பேட்டையில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, கோவையில தெருவுக்கு ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, நடுவுல எழுபது கிலோமீட்டர். 2016ல இருந்து அடல் டிங்கரிங் லேப்னு மத்திய அரசு பணத்துல பள்ளிக்கூடங்கள்லயே 3டி பிரிண்டர் வாங்கிப் போட்டிருக்காங்க, காலேஜ்கள்ல அதே மாதிரி ஐடியா லேப் இருக்கு. எங்க ஏரியா காலேஜ் ஒண்ணுல போய் பாத்தேன், என்கிட்ட இருக்கறதை விட நல்ல மெஷின் கவர் போட்டு மூடி வெச்சிருக்காங்க, விசாரிச்சா ஆண்டு விழாவுக்கு சாவிக்கொத்து அடிச்சோம்னாங்க. ஒரு பக்கம் எலும்பு தெரிஞ்சவங்களுக்கு பிரிண்டர் இல்லை, இன்னொரு பக்கம் பிரிண்டர் இருக்கறவங்களுக்கு அடிக்க ஒண்ணும் இல்லை. மாசத்துக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்தா போதும். நான் அந்த ரெண்டு ராத்திரி டாக்டரம்மா பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டதை சொல்லித்தர கூப்பிட்டா வர்றேன், காசு வேண்டாம், பஸ் காசு வேணா குடுங்க.

மணிக்கு ஆபரேஷன் ஆகி பத்து வாரம் ஆச்சு. எக்ஸ்ரேவுல எலும்பு கூடிடுச்சுன்னு சொன்னாங்க. கால் முழுசா நேராகலை, பாதம் இன்னும் லேசா வெளிய பாக்குது, அதை உங்க செய்தியில போடலை. ஆனா ஊனி நடக்குது. போன ஞாயித்துக்கிழமை தோட்டத்தம்மா போன் பண்ணி, "கண்ணு, நேத்து வாய்க்காலை தாண்டிட்டான், பக்கத்து தோட்டத்து கோழிய புடிச்சுட்டான், இப்ப அவங்ககூட சண்டை"ன்னாங்க.

திருத்தம் போடறதா இருந்தா பெருசா வேண்டாமுங்க. "பொருத்தி"ங்கறதை எடுத்துட்டு "மாதிரியாக வைத்துப் பார்த்து"ன்னு போடுங்க, அது போதும். அப்படியே அந்த பொள்ளாச்சிக்காரருக்கும் தெரிஞ்சுடும், ரெண்டு தடவை சொல்லியும் அவரு இன்னும் முட்டிக்கு ரேட் கேட்டுட்டேதான் இருக்காரு.

இப்படிக்கு,
பேட்டர்ன் கடைக்காரர்,
கணபதி, கோவை